போகும் போகாது அட்டை

6 ஜனவரி 2026, செவ்வாய்

இந்த வருஷம் கம்பெனி டைரி கிடையாது. காகிதமில்லாத் தொழிற்சாலை ஆகிவிட்டோமாம். அந்தச் செய்தியைப் பெரிய காகிதத்தில் அச்சடித்து ஏழு இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள். கேன்டீனில் சாம்பார் வாளிக்கு மேலேகூட ஒன்று. போன வருஷ டைரி தொடாமலே கிடந்தது. கிழமையை மட்டும் அடித்துத் திருத்திக்கொண்டு இதிலேயே எழுதுகிறேன்.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு காகிதம். பிப்ரவரி ஒன்றிலிருந்து வருகைப் பதிவு 'நம்ம குடும்பம்' ஆப்பில் மட்டும். அவரவர் போனில் அதை இறக்கி, கேட்டுக்கு வந்ததும் முகத்தைக் காட்ட வேண்டும். காட்டாதவர்கள் வேலைக்கு வரவில்லை என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து இறக்கிப் பார்த்தேன். 'இந்தச் சாதனத்துக்கு ஆதரவு இல்லை' என்றது. என் போனுக்கு எட்டு வயது. முப்பது தடவையாவது கீழே விழுந்திருக்கும். ஒரு முறை கிரைண்டர் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. அரிசிப் பானைக்குள் இரண்டு நாள் புதைத்து எடுத்தேன், பேசியது. அதற்கு ஒரு குறையும் இல்லை. செய்தவன் கை கழுவிவிட்டான், அவ்வளவுதான்.

புதிது வாங்க வேண்டும். ரிட்டயர் ஆக எனக்கு இன்னும் ஆறு வருஷம். அதுவரை தாங்குகிற மாதிரி ஒன்று. இன்னொரு தடவை இந்தக் கூத்து வேண்டாம்.

9 ஜனவரி, வெள்ளி

யோசித்துப் பார்த்தால் எனக்கு வேண்டியது இரண்டே இரண்டுதான்.

ஒன்று, ஆறு வருஷத்துக்கு அப்டேட் வர வேண்டும். இரண்டு, கேட்டில் இருக்கும் ரேக்கில் அது நுழைய வேண்டும்.

வேலை நடக்கிற லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் செக்யூரிட்டி காந்திமதியிடம் கொடுத்தால் அவரவர் நம்பர் போட்ட பொந்தில் வைப்பாள். முன்னூற்றுப் பன்னிரண்டு பேர், முன்னூற்றுப் பன்னிரண்டு பொந்து. என்னுடையது 212. அந்த ரேக் செய்த காலத்தில் போன்கள் உள்ளங்கை அளவு. இப்போது கட்டெறும்பு வளர்ந்து கழுதையாகிவிட்டது. நுழையாத போன்களையெல்லாம் கீழே ஒரு பிளாஸ்டிக் கிரேட்டில் கத்தரிக்காய் மாதிரி கொட்டி வைக்கிறார்கள். கண்ணாடி கீறும், ஆள் மாறும். போன தீபாவளிக்கு முந்தின நாள் என் மேஜைக்குப் பக்கத்து மேஜை சசிகலா வேறு யாரோ போனை எடுத்துக்கொண்டு போய், அந்த யாரோவின் மாமியாரிடம் ராத்திரி முழுக்கத் திட்டு வாங்கினாள்.

சின்ன போன்தான் வேண்டும் என்பதற்கு வேறு காரணமும் உண்டு. மண்ணூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் நின்றுகொண்டுதான் வருகிறேன். ஒரு கை கம்பியில். மிச்சம் ஒரு கை, அதில் ஒரு கட்டைவிரல். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டாமா?

இன்று ஒரு காகிதத் துண்டைப் பொந்தின் அகலத்துக்குக் கிழித்துப் போய் லைனில் வெர்னியர் அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். 72.4 மில்லிமீட்டர்.

11 ஜனவரி, ஞாயிறு

காலையில் மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியை அறுத்து ஒரு 'போகும் போகாது' செய்தேன். கம்பெனியில் எங்களுக்கு இது அன்றாடம். கனெக்டர் சரியான அளவா என்று ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருக்க மாட்டோம். சரியான அளவில் ஓட்டை போட்ட ஒரு இரும்புத் துண்டு இருக்கும். அதில் போனால் சரி, போகாவிட்டால் கழிவு. பேச்சே இல்லை. அட்டையில் 72.4 அகலத்துக்கு ஓட்டை போட்டு, ஓரத்துக்கு டேப் ஒட்டிப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரர் கோதண்டராமன் தன் ஷேர் ஆட்டோவில் என்னை ஸ்ரீபெரும்புதூருக்குக் கூட்டிப் போனார். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் சவாரியை விட்டுவிட்டு வந்த எரிச்சல் வேறு. நாலு கடை ஏறி இறங்கினோம்.

எல்லாக் கடையிலும் ஒரே கதை. அஞ்சு வருஷம், ஆறு வருஷம் அப்டேட் என்று சத்தியம் செய்கிற போன் எல்லாம் முறம் மாதிரி இருக்கிறது. கையடக்கமாக இருக்கிற போன் எல்லாம் இரண்டு வருஷத்தில் அனாதை. ஆயுசு கெட்டி என்றால் உடம்பு பெருத்திருக்கிறது, உடம்பு அளவாக இருந்தால் ஆயுசு இல்லை.

ஒவ்வொரு போனையும் அட்டை ஓட்டையில் விட்டுப் பார்த்தேன். கடைசிக் கடையின் முதலாளி தாண்டவராயன் கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு, "யக்கா, இன்னாக்கா இது? கேமரா பாப்பாங்க, பேட்டரி கேப்பாங்க. நீ இன்னாடான்னா போனை லெட்டர் பொட்டியில போட்டுப் பாத்துக்கினு கீறயே" என்றார்.

"போவலியே" என்றேன்.

"போவாதுக்கா. யாரோடதும் போவாது. அந்தக் காலம்லாம் போச்சு."

திரும்பி வரும் வழியில் வீட்டுக்காரர், "இன்னா ஜெயம், போன் வாங்கறியா, பொண்ணு பாக்கறியா? நீ பொண்ணு பாக்க வந்திருந்தா நம்ம ஜில்லாவுல ஒருத்தனுக்கும் கல்யாணம் ஆயிருக்காது" என்றார். அவர் போன் ஆட்டோ ஹேண்டில்பாரில் டி.வி. மாதிரி மாட்டியிருக்கிறது. அவருக்கு என்ன தெரியும்?

14 ஜனவரி, புதன்

போகி. வீட்டுக்காரர், "அந்தப் போனைத் தூக்கி நெருப்புல போடு, அப்பத்தான் உனக்கு விடிவு" என்றார். பேட்டரி வெடிக்கும் என்றேன். பாய் ஒன்றை எரித்தோம்.

18 ஜனவரி, ஞாயிறு

மகள் ரஞ்சனி இன்று என் போன் விஷயத்தைக் கையில் எடுத்தாள். கம்ப்யூட்டர் படிக்கிறாள்; இரண்டு மணி நேரம் லேப்டாப்பைத் தட்டிவிட்டு, ஜாதகம் பார்த்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

"மா, உனக்கேத்த போன் மொத்தமா ஒண்ணே ஒண்ணுதான் கீது. அகலம் எழுபதரை. ஏழு வருஷம் அப்டேட்."

"அப்புறம் இன்னா? வாங்கிடலாம்."

விலையைச் சொன்னாள். என் இரண்டு மாதச் சம்பளம். குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தும் எழுந்திருக்கவில்லை.

இது என்ன நியாயம்? இட்லி சின்னதாக இருந்தால் விலை குறைவு. ரவிக்கைத் துணி குறைந்தால் விலை குறைவு. போன் மட்டும் சின்னதானால் விலை ஏறுகிறது. "சின்னதா செய்யறதுதாம்மா கஷ்டம்" என்கிறாள். நாங்கள் காருக்குச் செய்கிற வயர்க்கட்டு, அந்த ஹார்னஸ் கூடத்தான் கஷ்டம். அதற்கு யார் விலை ஏற்றினார்கள்?

ஆனாலும் ஏழு வருஷம். போனுக்கு ஏழு, எனக்கு ஆறு. என்னை வழியனுப்பிவிட்டு அது ஒரு வருஷம் தனியாக இருக்கும்.

சீட்டு எடுத்து வாங்கலாம் என்று இருக்கிறேன்.

21 ஜனவரி, புதன்

சசிகலா முறத்தை வாங்கிவிட்டாள். பஸ்ஸில் அதைப் பிடித்துக்கொண்டு அவள் நின்ற கோலம், கோயில் வாசலில் தட்டு ஏந்தி நிற்கிற மாதிரி இருந்தது. கொடுத்தேன் ஒரு ரூபாய். "போக்கா" என்று சிரித்தாள்.

ஆப்பும் இறக்கிவிட்டாளாம். "இன்னா கேட்டுது?" என்றேன். "ஒண்ணும் கேக்கலக்கா. நாப்பது பக்கம் இங்கிலீஷ்ல ஓடிச்சு. கீழ பச்சையா ஒரு பட்டன். தட்டினேன், தொறந்துக்கிச்சு. எம்மூஞ்சியப் பாத்து வணக்கம்னுச்சு. எங்க வூட்டுல கூட யாரும் சொல்றதில்ல."

கேட்டுக்கு உள்ளே பெரிய டி.வி. மாட்டியிருக்கிறார்கள். 'நம்ம குடும்பத்தில் இணைந்தவர்கள்: 298 / 312.' எச்.ஆர். பையன் சஞ்சய் அதன் கீழே நின்று தலையை எண்ணிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "ஜெயம் மேடம், நீங்க எப்போ?" என்றான். அளவு பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

25 ஜனவரி, ஞாயிறு

தாண்டவராயன் அந்தச் சின்ன போனைச் சென்னையிலிருந்து வரவழைத்து வைத்திருந்தார். அட்டையை எடுத்தேன். கடையில் இருந்த மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓட்டையில் விட்டேன்.

போனது! வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போனது. தாண்டவராயனே கை தட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் வந்தது.

அப்போது அவர், "கவர் போட்டுத் தரேங்க்கா" என்று ஒரு ரப்பர் சட்டையை மாட்டிவிட்டார்.

போகவில்லை.

அளவு எடுக்கப் பத்தொன்பது வருஷ அனுபவம். கடைசிப் பரிசோதனை மேஜையில் ஒரு ஹார்னஸுக்கு அறுபத்திரண்டு இடம் பார்த்து, சரியாக இருந்தால் என் நம்பர் 17ஐ முத்திரை குத்துகிறவள். இரண்டு வாரமாகக் கவர் என்று ஒன்று இருப்பதே ஞாபகத்தில் இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

"கவர் இல்லாமக் குடுங்க."

"அய்யய்யே. இந்த விலைக்கு வாங்கி அம்மணமாவா இட்டுக்கினு போவே?"

காந்திமதியிடம் கேட்கிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன். கேட்டில் தினம் கவரைக் கழற்றிக் கொடுத்தால் கவரை எங்கே வைப்பது? அதற்கு ஒரு பொந்து யார் கொடுப்பார்கள்?

28 ஜனவரி, புதன்

இன்று போனைப் பற்றி எழுத மனசே இல்லை. ஆனால் எல்லாம் போனால்தான்.

ஷிப்ட் முடிந்து கேட்டில் போனை எடுத்த சசிகலா அங்கேயே நின்றுவிட்டாள். ஆப்பில் செய்தி வந்திருந்தது. 'புதிய யூனிட்டுக்கு மாறுவதற்குச் சம்மதித்த உங்களுக்கு நன்றி. மார்ச் 2 முதல் அங்கே பணியில் சேரவும். ஹாஸ்டல் வசதி உண்டு.' அந்த யூனிட் இங்கிருந்து பஸ்ஸில் மூன்றரை மணி நேரம்.

"நான் எப்பக்கா சம்மதம் சொன்னேன்?"

இரண்டு பேரும் சஞ்சயிடம் போனோம். அவன் கம்ப்யூட்டரில் பார்த்தான். "ஜனவரி இருபது, சாயங்காலம் ஏழு பன்னிரண்டுக்குச் சொல்லியிருக்காங்க மேடம். 'படித்தேன், மகிழ்ச்சியுடன் ஏற்கிறேன்'னு தட்டியிருக்காங்க. முப்பத்தி மூணாம் பக்கத்துல இருக்கு. கம்பெனியோட எந்த யூனிட்டுக்கும் எப்ப வேணாலும் மாறச் சம்மதம்னு."

சசிகலா மகனுக்கு மார்ச்சில் பத்தாவது பரீட்சை. புருஷன் இல்லை. மாமனார் படுக்கையில். பதினாலு வருஷமாக என் பக்கத்து மேஜை. அவள் கத்தவில்லை. "அதுல மூஞ்சியப் பாத்து வணக்கம்னுச்சேக்கா" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சஞ்சய் என்னைப் பார்த்து, "உங்க பேரும் லிஸ்ட்ல இருக்கு மேடம். உங்க சம்மதம்தான் இன்னும் வரல" என்றான். பால்காரர் பாக்கி கேட்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

எழுதித் தீர்க்கிறேன். அவன் அதைச் சொன்ன நொடியில், நல்லவேளை நான் அழுத்தல, அந்த ஓட்ட போன் என்னைக் காப்பாத்திச்சுன்னு உள்ள ஒரு சந்தோஷம் வந்துது. சசி பக்கத்துலயே நிக்கறா. சீ. என்ன ஜென்மம் நான்?

31 ஜனவரி, சனி

டி.வி.யில்: 311 / 312.

அந்த ஒன்று நான். போகிறவர் வருகிறவர் எல்லாம் டி.வி.யைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். பெயர் போடவில்லை, அந்த மட்டும் மரியாதை.

சஞ்சய் மூன்று தடவை வந்தான். கடைசித் தடவை கெஞ்சினான். "மேடம், ஹண்ட்ரட் பர்சென்ட் காட்டணும். வியாழக்கிழமை கார் கம்பெனியிலேர்ந்து ஆடிட் வராங்க. ப்ளீஸ்."

"தம்பி, வேணாம்னு சொல்றதுக்கு அதுல பட்டன் எங்க கீது?"

"அப்படி ஒரு ஆப்ஷன் டிசைன்லயே இல்ல மேடம். யாரும் கேக்கல."

"பேப்பர்ல எழுதித் தரட்டா?"

அவன் பரிதாபமாகச் சுவரைக் காட்டினான். காகிதமில்லாத் தொழிற்சாலை.

2 பிப்ரவரி, திங்கள்

நான் இன்று வேலைக்கு வரவில்லை. ஆப் சொல்கிறது.

காலை 7.50க்கு கேட்டில் நுழைந்தேன். பழைய போனைக் காந்திமதி 212இல் வைத்தாள். இருநூற்றுப் பதினாலு ஹார்னஸ் பார்த்தேன். எல்லாவற்றிலும் 17. மதியம் கேன்டீனில் சாப்பிட்டேன், உப்பு தூக்கல். சாயங்காலம் சஞ்சய் பட்டியலை ஒட்டினான்—காகிதத்தில்தான். என் பேருக்கு நேராக 'வரவில்லை'.

"நான் உன் கண்ணு முன்னாடி நிக்கறேனே தம்பி."

"எனக்குத் தெரியுது மேடம். சிஸ்டத்துக்குத் தெரியல."

"நீ கையால மாத்து."

"கையால மாத்தற ஆப்ஷன எடுத்துட்டாங்க மேடம்."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இப்பிடியே பத்து நாள் போச்சுன்னா இன்னா பண்ணுவே? ரஞ்சனிக்குப் படிப்பு இன்னும் ஒரு வருஷம் கீது" என்றார். பயமாகத்தான் இருக்கிறது. அழுத்தினால் மூன்றரை மணி நேரத்துக்கு அப்பால். அழுத்தாவிட்டால் இங்கே இருந்தும் இல்லை.

3 பிப்ரவரி, செவ்வாய்

இன்றும் வரவில்லை. ஓ.டி. இரண்டு மணி நேரம் பார்த்தேன்.

5 பிப்ரவரி, வியாழன்

ஆடிட். கார் கம்பெனியிலிருந்து சண்முகப்ரியா என்று ஒரு பெண் வந்தாள். ரஞ்சனியைவிட ஐந்து வயது கூட இருக்கும். புரொடக்‌ஷன் மேனேஜர் சுப்பராயலு அவளுக்கு முன்னால் நெளிந்து நெளிந்து நடந்தார். சஞ்சய் கையில் ஒரு டேப்லெட். எல்லாம் டிஜிட்டல், எல்லாம் விரல் நுனியில் என்று ஒப்பித்துக்கொண்டே வந்தான்.

அந்தப் பெண் அனுப்பத் தயாராக இருந்த பெட்டியிலிருந்து ஒரு ஹார்னஸை உருவினாள். முத்திரையையும் அதில் இருந்த தேதியையும் பார்த்தாள். "பதினேழு யாரு?"

கையைத் தூக்கினேன்.

"இது செவ்வாய்க்கிழமை பார்த்தது. அன்னைக்கு அட்டென்டன்ஸ் காட்டுங்க" என்றாள் சஞ்சயிடம். அவன் விரல் நுனியில் வைத்திருந்ததைக் காட்டினான். அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"மேடம், நீங்க நாலு நாளா லீவ்ல இருக்கீங்க."

சுப்பராயலு இடையில் விழுந்தார். "இதோ இருக்காங்களே மேடம்! தெனம் வராங்க. பத்தொம்பது வருஷமா வராங்க!"

"அப்ப உங்க சிஸ்டம் தப்பு. இல்லன்னா இந்த முத்திரை தப்பு. ரெண்டுல எது தப்புன்னு எழுத்துல குடுங்க. ஒரு வாரம். அதுவரைக்கும் பதினேழு குத்தின எதுவும் எங்க கம்பெனிக்குள்ள வரக் கூடாது."

லாரியில் ஏற்றினதை இறக்கினார்கள். எண்ணூறு சொச்சம் ஹார்னஸ். என் 17 குத்தியது அத்தனையும் ஓரமாகச் சிவப்புக் கயிறு கட்டி நிற்கிறது. ஒன்றில்கூடக் குறை கிடையாது, சத்தியமாக.

6 பிப்ரவரி, வெள்ளி

எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். ஏ.சி., டீ, பிஸ்கட். சுப்பராயலு சார் டேப்லெட்டை என் பக்கம் தள்ளினார்.

"ஜெயம், ஒரே ஒரு தட்டு. நாலு நாளும் பிரசன்ட் ஆயிடும். லாரி கெளம்பிடும்."

"பாத்துட்டுத் தட்டறேன் சார்" என்று கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

நாற்பத்தொரு பக்கம். இங்கிலீஷ் புரியாத இடத்தில் சஞ்சயைத் தமிழில் சொல்லச் சொன்னேன். முதல் பத்துப் பக்கம் வேகமாகச் சொன்னான். முப்பத்து மூன்றில் அவன் குரலே இறங்கிவிட்டது. சுப்பராயலு சார் கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும். ஒரு கார் வயருக்கே அறுபத்திரண்டு இடம் பார்க்கிறேன், என் வயிற்றுக்கு நாற்பத்தொரு பக்கம் பார்க்க மாட்டேனா?

முடித்துவிட்டு டேப்லெட்டைத் திருப்பி வைத்தேன். "இது ரிஜெக்ட் சார்."

"என்ன?"

"ரெண்டு பட்டன் வர வேண்டிய எடத்துல ஒண்ணுதான் வந்திருக்கு. ஒரு பார்ட் காணோம். எம்மேஜைக்கு இப்பிடி ஒண்ணு வந்தா நான் முத்திரை குத்த மாட்டேன். நீங்கதான் அப்பிடிச் சொல்லிக் குடுத்தீங்க, பத்தொம்பது வருஷத்துக்கு முன்னாடி."

அவருக்கு ஞாபகம் இருந்தது என்று நினைக்கிறேன். அப்போது அவரும் லைனில்தான் இருந்தார். டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு சஞ்சயிடம், "இன்னொரு பட்டன் வைக்க எத்தனை நாள் ஆகும்?" என்றார்.

பிஸ்கட் சாப்பிடவில்லை என்பது அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

12 பிப்ரவரி, வியாழன்

ஆப்புக்கு அப்டேட் வந்துவிட்டது! 'வேண்டாம்' பட்டன் வைத்திருக்கிறார்களாம். அதை அழுத்தினாலும் வருகை பதிவாகுமாம். புது வெர்ஷன் என்பதால் எல்லோரிடமும் முதலிலிருந்து கேட்குமாம். சசிகலாவிடமும். அந்தப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைதான் திறக்குமாம். ஆடிட்டருக்கு 'சிஸ்டம்தான் தப்பு' என்று எழுதிக் கொடுத்தார்களாம். கயிறு அவிழ்ந்தது, லாரி போனது.

சந்தோஷமாக வீட்டுக்கு வந்து என் போனில் இறக்கினேன்.

'இந்தச் சாதனத்துக்கு ஆதரவு இல்லை.'

ஆக, வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு புது போன் வாங்க வேண்டும்.

15 பிப்ரவரி, ஞாயிறு

சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு தாண்டவராயன் கடைக்குப் போனேன். சசிகலாவும் முறத்தோடு வந்தாள். சின்ன போனை வாங்குவதென்று முடிவு செய்திருந்தேன். கவர் இல்லாமலே. அம்மணமாகவே.

ஆனால் பரிசோதிக்காமல் வாங்கிப் பழக்கமில்லை. "மொதல்ல இதுல அந்த ஆப்பப் போட்டுக் காட்டுங்க" என்றேன். போட்டார். நாற்பத்தொரு பக்கமும் ஓடி முடிந்து, திரை அகலத்துக்குப் பச்சையாக வந்து நின்றது: 'படித்தேன், மகிழ்ச்சியுடன் ஏற்கிறேன்.'

"இன்னொண்ணு எங்க?"

காணோம். பழைய ஆப்பா என்று பார்த்தோம். புதிதுதான். சசிகலா தன் முறத்தைத் திறந்து என் பக்கத்தில் வைத்தாள். அதிலும் அதே பச்சை. அதற்கும் கீழே, திரையின் அடி ஓரத்தில், சாம்பல் நிறத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு சொல்: 'மறுக்கிறேன்.'

சின்ன போனில் அது திரைக்குக் கீழே விழுந்துவிடுகிறது. மேலே தள்ளினால் வரும் என்றார் தாண்டவராயன். தள்ள வேண்டுமென்றால் விரலை வைக்க இருக்கிற இடமெல்லாம் பச்சை. ஓடுகிற பஸ்ஸில் ஒரு கட்டைவிரலால் நான் இதைத் தள்ளியிருந்தால், மகிழ்ச்சியுடன் ஏற்றிருப்பேன்.

வேண்டுமென்றே செய்தானா, தெரியாமல் செய்தானா? சஞ்சயைத் திட்ட வாயெடுத்தேன். அவன் போனும் முறம்தான். தன் போனில் தெரிகிறது, எல்லோருக்கும் தெரியும் என்று விட்டிருப்பான். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

எழுபதரை மில்லிமீட்டரைத் தாண்டவராயனிடம் திருப்பிக் கொடுத்தேன். கொடுக்க மனசு வரவில்லை, அதுவும் உண்மை.

"சசி வாங்கின மாதிரியே ஒண்ணு குடுங்க. எத்தினி வருஷம் அப்டேட்?"

"ஆறுக்கா."

"சரியாப் போச்சு. எனக்கும் ஆறுதான்."

அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். பழக்க தோஷத்தில் புது போனை ஒரு தடவை ஓட்டையில் வைத்துப் பார்த்தேன். தலைகூட நுழையவில்லை. "கவர் போடவா, அம்மணமா?" என்று தாண்டவராயன் கேட்டார். தடிமனான கவராகப் போடச் சொன்னேன். இனிமேல் என்ன?

18 பிப்ரவரி, புதன்

திங்கட்கிழமை கேன்டீனில் நானும் சசியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அழுத்தினோம். இதற்காக ஒரு மணி நேரம் போனை உள்ளே கொண்டுவர விட்டார்கள். நான் சாம்பல் பட்டன் இருக்கிற இடத்தை விரலால் காட்டிக்கொண்டு மேஜை மேஜையாகப் போனேன். சின்ன போன் வைத்திருந்தவர்கள் எங்கள் முறத்தில் தங்கள் நம்பரைப் போட்டுப் பார்த்தார்கள். கண்ணாடி மறந்தவர்களுக்கு நான் படித்துச் சொன்னேன். அழுத்தியது அவரவர்தான். பச்சையை அழுத்தியவர்களும் உண்டு, ஹாஸ்டல் இருக்கிறதே, மாமியாரிடமிருந்து தப்பிக்கலாம் என்று ஒருத்தி. அது அவள் இஷ்டம். பார்த்து அழுத்தினாளே, போதும்.

அறுபத்தொரு பேர் மறுத்திருக்கிறோம். செவ்வாய்க்கிழமை டி.வி.யில் 251 / 312 என்று வந்தது. மத்தியானத்துக்குள் டி.வி.யை நிறுத்திவிட்டு, பிள்ளையார் படம் மாட்டிவிட்டார்கள். சசிகலாவுக்கு வந்த மாற்றல் 'மறுபரிசீலனையில்' இருக்கிறதாம். என்ன ஆகுமோ, தெரியாது. இன்று பக்கத்து மேஜையில் இருந்தாள். மகனுக்குக் கணக்குதான் பயம் என்றாள்.

என் புது போன் கிரேட்டில் கத்தரிக்காயோடு கத்தரிக்காயாகக் கிடக்கிறது. கண்ணாடியில் அதற்குள் ஒரு கீறல். 212ஆம் பொந்து காலி; காந்திமதி அதில் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்துக்கொண்டாள். அட்டையை வீட்டில் மிக்ஸிக்கு அடியில் கொடுத்திருக்கிறேன், ஆடாமல் நிற்கிறது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் போன் டிங் என்றது. 'நம்ம குடும்பம்' ஆப்புக்கு இன்னொரு அப்டேட் வந்திருக்கிறதாம், இன்னும் அழகாக மாற்றியிருக்கிறார்களாம்.

கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். இப்போது பதினெட்டாம் பக்கத்தில் இருக்கிறேன். குழம்பை ரஞ்சனி பார்த்துக்கொள்கிறாள்.